பெரிய இன்ஜின் ஏற்றப்போகும் தம்பிகளுக்கு

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்திலும் ஓரிக்கையிலும் தறிக்குப் போகாத பிள்ளைகள் இப்போது ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்ட் பஸ் ஏறுகிறார்கள். 1998இல் சாண்ட்ரோவை இறக்கிய ஹூண்டாய் ஆலை அந்தப் பக்கம். ரெனோ ஆலை அந்தப் பக்கம். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கும் அந்தப் பக்கம்தான். நாள் முழுக்க வண்டிகளுக்கு நடுவே நிற்கிற பிள்ளைக்குச் சொந்தமாக ஒன்றைக் கழற்றி மாட்டிப் பார்க்கும் ஆசை வராமல் இருந்தால்தான் வியப்பு. பழைய மாருதி ஜென் ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டு, "அண்ணே, இதுக்கு எஸ்டீம் இன்ஜின் உட்காருமா?" என்று வந்து கேட்கிறார்கள்.

உட்காரும். ஆனால் எல்லோரும் இன்ஜினிலிருந்து தொடங்குகிறார்கள். இந்த வேலையில் இன்ஜின் கடைசியாக வர வேண்டியது. வீட்டில் வைத்தே செய்யத் துணிகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி வடிவமைத்துக் கொடுத்ததற்கும் ஆர்சியில் இருப்பதற்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று எழுதிவிட்டார்கள். அதே ரக இன்ஜினுக்குப் பதில் அதே ரக இன்ஜின் மாட்டினால் ஆர்டிஓ ஆபீசில் சொல்லி ஆர்சியில் நம்பரை மாற்றிக்கொள்ளலாம். 993 சிசி ஜென்னில் 1,298 சிசி எஸ்டீம் இன்ஜினை ஏற்றுவது அந்தக் கணக்கில் வராது. ஆகவே இந்த வண்டி டிராக்குக்கு மட்டும். காந்தி ரோட்டில் ஓட்டிக் காட்ட அல்ல. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இன்ஜின் நம்பரைத்தான். எதிரே வந்தவருடைய குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? இதை ஏற்க மனமில்லாதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

2. வண்டியும் இன்ஜினும் ஒரே குடும்பமாக இருக்கட்டும். 1993இல் வந்த ஜென்னில் இருப்பது 993 சிசி, நாலு சிலிண்டர், அலுமினிய பிளாக். எஸ்டீமில் இருப்பது 1,298 சிசி. இரண்டும் சுசுகியின் ஜி வரிசை. அதனால் கியர்பாக்ஸ் சேரும் முகமும் போல்ட் துளைகளும் ஒத்துப்போகும். 50 குதிரைத் திறனில் ஓடிய கார்புரேட்டர் ஜென்னுக்கு, 1999க்குப் பிறகு வந்த 16 வால்வு எஸ்டீம் இன்ஜின் 85 கொடுக்கும். முக்கால் டன் அளவுள்ள வண்டிக்கு அது மிகப் பெரிய ஏற்றம். மாருதி 800இல் இருக்கும் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஃப் வரிசை. அதில் ஜி இன்ஜின் ஏற்றுவதென்றால் மவுண்டிங்கிலிருந்து ஷாஃப்ட் வரை எல்லாமே செய்துதான் போட வேண்டும். முதல் வேலையாக அதைத் தொடாதீர்கள்.

3. கம்பெனிக்காரர்களே இதைச் செய்திருக்கிறார்கள். மாருதி 1000 என்று 1990இல் 970 சிசியில் வந்த வண்டியின் உடம்பில்தான் 1994இல் 1.3 லிட்டர் ஏற்றி எஸ்டீம் என்று விற்றார்கள். 970 சிசி ஜிப்ஸிக்கு 1996இல் அதே 1.3 வந்தது. 1998இல் ஜென்னுக்குள்ளேயே 1,527 சிசி பெஜோ டீசல் இன்ஜினை வைத்தார்கள். அப்படி ஒரு வண்டி ஒர்க்ஷாப்பில் கண்ணில் பட்டால் குனிந்து பாருங்கள். முன் ஸ்பிரிங், மவுண்டிங், ரேடியேட்டர், சைலன்சர் போகும் வழி என ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

4. பிரேக். இதில் கஞ்சத்தனம் காட்டுகிறவர்களை நான் என் பக்கத்தில் சேர்ப்பதில்லை. 60இல் போகும் வண்டியை நிறுத்துவதைவிட 90இல் போகும் வண்டியை நிறுத்த இரண்டேகால் மடங்கு சக்தியை பிரேக் விழுங்க வேண்டும். ஒன்றரை மடங்கு வேகத்துக்கு ஒன்றரை மடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ஜென்னில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிஸ்க் தேய்ந்து ஓரத்தில் வரப்பு கட்டியிருந்தால் மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ்களை மடக்கிப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் நான்கையும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். திறந்து வருடக்கணக்காகக் கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றாதீர்கள். இன்னொன்று: பிரேக் பூஸ்டருக்கு இன்ஜின் மேனிஃபோல்டிலிருந்து ஒரு வாக்குவம் குழாய் போகும், நடுவில் ஒருவழி வால்வு இருக்கும். இன்ஜின் மாற்றும்போது அதைத் திருப்பி மாட்டிவிட்டாலோ, மறந்துவிட்டாலோ பெடல் கல்லாகிவிடும். முழு பலத்தில் மிதித்தாலும் வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. பழைய இன்ஜினோடு வண்டி நேராக, ஒரு பக்கம் இழுக்காமல் நிற்கிற வரை புது இன்ஜினைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

5. இன்ஜின் வாங்க எல்லோரும் சென்னை புதுப்பேட்டைக்குத்தான் போகிறார்கள். போங்கள். கம்ப்ரஷன் கேஜைக் கையோடு எடுத்துப் போங்கள். நான்கு சிலிண்டருக்கும் நடுவே வித்தியாசம் ஒரு கிலோவைத் தாண்டினால் வேண்டாம். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, வேண்டவே வேண்டாம். இன்ஜின் நம்பர் அடித்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். அரம் போட்ட தடம் தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திரும்பிவிடுங்கள். நம்பர் எழுதிய பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டு இன்ஜின் ஒன்று வீட்டுக்கு வந்தால் போலீஸும் பின்னால் வரும். இன்ஜினோடு கியர்பாக்ஸ், ஷாஃப்ட், வயரிங், இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசிஎம், சென்சார்கள் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வந்ததாக, வெட்டாமல், பிடுங்காமல் கேளுங்கள். தனித்தனியாகத் தேடினால் காசும் கூட, பொருத்தமும் இருக்காது.

6. வேலை செய்யும் இடம். நம் ஊர் வீடுகளின் அமைப்பு உங்களுக்கே தெரியும். முன்னால் திண்ணை, உள்ளே தறி, பழைய ஓட்டுக்கூரை, குறுக்கே தேக்கு உத்திரம். அந்த உத்திரத்தில் செயின் பிளாக்கைத் தொங்கவிடும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது. கியர்பாக்ஸோடு சேர்த்தால் நூறு கிலோ அளவுக்கு எடை. தூக்கும்போது குலுங்கி இறங்கும் பாரம் அதைவிட அதிகம். வெளியே இருந்து பார்க்க நல்லாயிருக்கும் உத்திரத்துக்குள் செல் அரித்திருக்கும். வாடகைக்கு முக்காலி கிடைக்கும், இன்ஜின் கிரேனும் கிடைக்கும். அதை எடுங்கள். தொங்கும் இன்ஜினுக்குக் கீழே கையோ காலோ போகக் கூடாது. தனியாக ஒருபோதும் தூக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு போட்டு, மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டுக்குக் கீழே கனமான பலகை வையுங்கள்.

வீட்டில் தறி ஓடினால் இந்த வேலையை அங்கே செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி அறைக்குள் தங்கும், ஒரு பொறி போதும். தீயை விட்டாலும், கிரீஸ் கையோடு போய்ப் பாவைத் தொட்டுவிட்டால் உங்கள் அம்மா அப்பா மாதக்கணக்கில் இழுத்த உழைப்பு கறைபட்டுப் போகும். வைகாசி கருட சேவை நாட்களில் தெருவுக்குள் கிரேனும் வராது, ஆம்புலன்ஸும் வராது. அந்த வாரத்தில் வண்டியைப் பிரித்துப் போடாதீர்கள்.

7. இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், முன்னும் பின்னும் கிராங்க் ஆயில் சீல், கிளட்ச் செட் எல்லாம் மாற்றிவிடுங்கள். உள்ளே போன பிறகு இருநூறு ரூபாய் சீலுக்காக முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

8. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் நிதானம் வேண்டும். பட்டுச் சேலையில் உடலும் முந்தியும் சேரும் இடத்தில் நெசவாளி எப்படி வேகத்தைக் குறைப்பாரோ அப்படி. கிளட்ச் பிளேட்டை நடுவில் வைக்க அதற்கான கருவி இல்லையென்றால் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றைச் செருகி மையம் பார்த்த பிறகே பிரஷர் பிளேட் போல்ட்டுகளை, எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். அப்புறம் கியர்பாக்ஸைத் தள்ளும்போது, ஒரு விரல் இடைவெளி இருக்கும் இடத்தில் நின்றுவிடும். எல்லோருக்கும் நிற்கும். அந்த இடத்தில்தான் பொறுமை போய், "போல்ட்டை முறுக்கினா தானா வந்திடும்" என்பார்கள். வராது. அலுமினிய பெல் ஹவுசிங்கின் காது உடையும், இல்லை கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளையும். டாப் கியரில் போட்டு, டிரைவ் ஷாஃப்ட் பக்கத்தைக் கையால் மெல்லத் திருப்புங்கள். பல் பல்லோடு சேர்ந்ததும் முழு கியர்பாக்ஸும் சத்தமில்லாமல் உள்ளே போய் டவல் பின்களில் உட்காரும். கை வலுவால் கடைசிவரை போன பிறகுதான் போல்ட். அதற்கும் டார்க் ரெஞ்ச்தான்.

9. மவுண்டிங் ஒன்றிரண்டுக்கு லேத்தில் பிராக்கெட் செய்ய வேண்டிவரலாம். தகடு மெலிதாக இருந்தால் முன் சக்கர டிரைவ் வண்டியில் இன்ஜின் ஒவ்வொரு முறை ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போதும் முன்னும் பின்னும் ஆடி அதைக் கிழித்துவிடும். டிரைவ் ஷாஃப்ட் நீளம் பொருந்தவில்லை என்றால் அதை வெட்டி வெல்டிங் வைக்கிற வேலை வேண்டாம். சரியான ஷாஃப்டைத் தேடுங்கள், கிடைக்கும் வரை வண்டி நிற்கட்டும். வண்டியின் உடம்பில் ஆர்க் வெல்டிங் செய்யும் முன் பேட்டரி டெர்மினலையும் ஈசிஎம்மையும் கழற்றுங்கள். டாங்க் பக்கம் நெருப்பே வேண்டாம்.

10. வயரிங்கும் பெட்ரோல் லைனும் பாதி வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் ஜென்னில் பெட்ரோலை இழுத்துத் தருவது இன்ஜினிலேயே இருக்கும் சின்ன பம்ப், அழுத்தம் மிகக் குறைவு. இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் எடுக்கும் எம்பிஎஃப்ஐ எஸ்டீம் இன்ஜினுக்கு மின்சார பம்ப் வேண்டும், அழுத்தம் பல மடங்கு. பழைய லைனில் அதை விட்டால் ஹோஸ் கழன்று சூடான சைலன்சர் மேல் பெட்ரோல் பீய்ச்சும். உயர் அழுத்தத்துக்கான ஹோஸும் கிளிப்பும் மட்டும் போடுங்கள், திரும்பி வரும் லைனையும் சேர்த்து. வயரை முறுக்கி டேப் சுற்றுவது தெருவிளக்கு வேலை, இங்கே வேண்டாம். எர்த் வயர்களைப் பெயிண்ட் சுரண்டிய சுத்தமான இடத்தில் முறுக்குங்கள். எம்பிஎஃப்ஐ வண்டியில் ஸ்டார்ட்டிங் கோளாறு என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது எர்த்.

11. சித்திரை வெயிலில் சோதித்த ரேடியேட்டரைத்தான் நம்பலாம். பெரிய இன்ஜினுக்கு அதன் ரேடியேட்டரே வேண்டும், ஃபேனும் வேண்டும். குழாயில் காற்று அடைத்திருந்தால் மீட்டரில் சூடு காட்டாமலேயே ஹெட் போய்விடும்.

12. முதல் ஸ்டார்ட். பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றி, பிளக் கழற்றிய நிலையில் ஆயில் விளக்கு அணையும் வரை சுற்றவிடுங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாளித் தண்ணீர் பெட்ரோல் தீக்கு உதவாது. ஒருவர் சாவியில், ஒருவர் பெட்ரோல் லைனைப் பார்த்தபடி. திறந்த வெளியில்தான் ஸ்டார்ட் செய்யுங்கள், புகையில் கலந்த நச்சுவாயு வாசனையில்லாமலே ஆளைக் கொல்லும்.

13. ஓட்டும் இடம் இருங்காட்டுக்கோட்டை. சோழவரம் பழைய விமானதளத்தில் ரேஸ் நடந்த காலம் முடிந்து, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் திறந்த டிராக் அது. வண்டியை டிரக்கில் ஏற்றிக் கொண்டு போங்கள். போட்டிக்கு இந்திய மோட்டார் ரேஸ் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் லைசென்ஸ், ஹெல்மெட், ரோல் கேஜ் எல்லாம் கேட்பார்கள். கேட்பது உங்கள் உயிருக்காக. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800இன் இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி ரேஸ் கார் கட்டினார். அதில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். 796 சிசி போதாது என்று அவர்கள் யாரும் காத்திருக்கவில்லை. உங்கள் பழைய ஜென்னையே நல்ல டயர், நல்ல பிரேக்கோடு டிராக்கில் முதலில் ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் ஆசை இருந்தால் மேலே சொன்னதெல்லாம் செய்யுங்கள்.

14. கழற்றிய பழைய இன்ஜினை எடைக்குப் போடாதீர்கள். பிளக் துளைகளில் கொஞ்சம் ஆயில் விட்டு, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, துளைகளை எல்லாம் அடைத்து, மரக்கட்டை மேல் வைத்து மூடி வையுங்கள். ஜென் தயாரிப்பு 2006இல் நின்றுவிட்டது, எல்லா ஜென்னும் இப்போது 15 வயதைத் தாண்டியவை. பதிவைப் புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீஸுக்குப் போகும் நாளில் இன்ஸ்பெக்டர் பார்க்கும் நம்பர் அந்தப் பழைய பிளாக்கில்தான் அடித்திருக்கிறது.