கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் கவனிக்க...

ஃபைப்ராய்டு கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையை அப்படியே விட்டுவைக்கும் ‘மயோமெக்டமி’ செய்துகொண்டவர்களுக்கான குறிப்புகள் இவை. தையல் பிரித்த கையோடு அடுப்படிக்குத் திரும்பிவிடும் பெண்கள் நம்மிடையே அதிகம். வெளித்தையல் ஆறினாலும் உள்ளே கர்ப்பப்பைச் சுவர் ஆற இன்னும் நாளாகும். வயிற்றைத் திறந்து செய்திருந்தால் பொதுவாக 4 முதல் 6 வாரம், லேப்ராஸ்கோப்பி என்றால் 2 முதல் 4 வாரம் ஓய்வு தேவை.

1. படுக்கையிலிருந்து நேராக எழாதீர்கள். ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமல், தும்மல் வந்தால் சின்னத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். வலி பாதியாகத் தெரியும்.

2. லேப்ராஸ்கோப்பிக்குப் பின் தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம். வயிற்றுக்குள் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. மெல்ல நடந்தால் சில நாளில் அடங்கும்.

3. தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், பருப்பும் முட்டையும் சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் சரியல்ல. புண் ஆறப் புரதம் வேண்டும். மயக்க மருந்தாலும் வலி மாத்திரையாலும் வரும் மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, வாழைத்தண்டு, பழங்கள் வேண்டும். முக்கினால் வயிறு முழுக்க வலிக்கும்; அதனால் இரண்டு மூன்று நாள் போகாவிட்டால் டாக்டரிடம் மலமிளக்கி கேளுங்கள்.

4. வாரக்கணக்கில் தீராத அசதிக்கு ரத்தசோகையும் காரணமாக இருக்கலாம். கட்டியால் மாதாமாதம் போன ரத்தம் உடனே ஊறிவிடாது. இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாறோடோ கொய்யாவோடோ எடுத்துக்கொள்ளுங்கள். காபி, டீயோடு வேண்டாம். மலம் கறுப்பாகப் போவது அந்த மாத்திரையால்தான்.

5. வீட்டில் இருப்பவர்கள் படிக்க வேண்டிய குறிப்பு இது. தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, நனைந்த துணி வாளி, கிரைண்டர் கல், கேஸ் சிலிண்டர் எதையும் 6 வாரம் அவர் தொடக்கூடாது. குழந்தையைத் தூக்க நேர்ந்தால், அவர் உட்கார்ந்தபின் மடியில் கொண்டுவந்து விடுங்கள். “கேட்டால் செய்து தருகிறோம்” என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். மாவு அரைப்பது யார், தண்ணீர் பிடிப்பது யார் என்று ஆபரேஷனுக்கு முன்பே பேசி முடிவுசெய்யுங்கள்.

6. ஓய்வு என்றால் படுத்தே கிடப்பதல்ல. நாளுக்குப் பலமுறை வீட்டுக்குள்ளேயே சிறிது நடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து குறையும்.

7. தழும்பைச் சுற்றி மரத்துப்போவது, அரிப்பது, சுருக்கென்று இழுப்பது சில மாதம் நீடிக்கலாம். தோலின் நுண்ணரம்புகள் வெட்டுப்பட்டதால் வருவது. ஆறாத புண்ணில் மஞ்சளோ எண்ணெயோ தடவாதீர்கள். உடை தழும்பை உறுத்தினால் தளர்வான நைட்டியே போதும்.

8. முதல் ஓரிரு மாதவிடாய் தள்ளிப்போகலாம், வலி கூடலாம். அதன்பிறகும் அடிவயிற்று வலி தொடர்ந்தால், எந்த நாளில், என்ன செய்யும்போது வருகிறது என்று காலண்டரில் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளே திசுக்கள் ஒட்டிக்கொண்டாலும், கட்டி மீண்டும் வளர்ந்தாலும் வலி வரும். “ஆபரேஷன் பண்ணினால் அப்படித்தான் இருக்கும்” என்று யார் சொன்னாலும் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

9. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் போக்கு, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், தையலில் சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல்.

10. டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் பத்திரப்படுத்துங்கள். கர்ப்பப்பையின் உட்குழி வரை திறந்தார்களா என்று கேட்டு, அதில் எழுதி வாங்குங்கள். பிற்பாடு பிரசவம் சிசேரியனா, சுகப்பிரசவமா என்பதை முடிவுசெய்ய அந்தக் குறிப்பு உதவும். கருத்தரிக்க எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.