கொச்சி யூதர் வாழ்வில் சடங்கும் பாட்டும்

ஆரணியில் தறியோசை கேட்டு வளர்ந்தவர்களுக்குத் திருமணம் என்பது தறியிலேயே தொடங்கிவிடுகிறது. மணநாளுக்குப் பல நாள் முன்னரே கூறைப்பட்டுக்குப் பாவு ஓடும். பிறப்பு, மணம், இறப்பு ஆகிய மூன்றையும் மனிதன் தனித்து நின்று நிகழ்த்திக்கொள்ள இயலாது. ஊரும் உறவும் சூழ்ந்து நின்றாலன்றி அவை நிறைவுறுவதில்லை. இதனைத் தம் சமயச் சட்டமாகவே கொண்ட ஒரு சிறு சமுதாயம் நமக்கு அண்மையில், பழைய சேரநாட்டில், பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது. கொச்சி யூதர் எனப்படும் அவர்தம் வாழ்வியல் சடங்குகளை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

பொன்னொடு வந்த யவனக் கலங்கள் மிளகு ஏற்றிச் சென்ற துறைமுகமாக அகநானூறு காட்டும் முசிறியை நம் மாணவர் அறிவர். அப்பகுதியைச் சார்ந்த முயிரிக்கோட்டில் இருந்து, கி.பி. 1000 ஆம் ஆண்டளவில், பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேர மன்னன் யூதர் தலைவராகிய யோசேப்பு ரப்பானுக்குச் செப்பேடு வழங்கினான். வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அச்செப்பேடு 72 உரிமைகளைக் குறிப்பிடுகிறது. பகல்விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, பறை, ஊதுகொம்பு, தோரணம் முதலியன அவற்றுள் சில. இவை பெரும்பாலும் மண ஊர்வலத்துக்குரிய சிறப்புகளாதல் காண்க. பிற்காலத்து யூதப் பெண்டிர் தம் மணப்பாட்டுகளில் மணமகனை யோசேப்பு ரப்பானோடு ஒப்பிட்டுப் பாடியதும் இதனாலேயே எனலாம்.

அச்செப்பேட்டில் வரும் ‘அஞ்சுவண்ணம்’ என்னும் சொல், மேற்கே கடல் கடந்து வந்த யூத, கிறித்தவ, முஸ்லிம் வணிகரின் குழுவைக் குறித்தது என்பர் ஆய்வாளர். தோப்பில் முஹம்மது மீரானின் ‘அஞ்சுவண்ணம் தெரு’ என்ற புதினம் முஸ்லிம் நெசவாளர் தெரு ஒன்றின் கதை. வணிகர் பெயரும் நெசவாளர் தெருவும் ஒரு சொல்லில் சந்திப்பது ஆரணியாராகிய நமக்குத் தனி மகிழ்வு தருகிறது.

இனிச் சடங்குகளுக்கு வருவோம். ஆண்மகவுக்குப் பிறந்த எட்டாம் நாள் விருத்தசேதனம். இது நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் வழி வந்தது என்பதில் அவர்களும் நாமும் ஒன்றே. பதின்மூன்று வயதில் சிறுவன் சமயக் கடமைகளுக்குப் பொறுப்பாளியாகிறான். தோரா என்னும் தவ்ராத் வேதத்தைச் சபையில் ஓதுகிறான். திருமணத்தில் ‘கெத்துபா’ என்னும் ஒப்பந்தம் எழுதப்படும். மனைவிக்குக் கணவன் செலுத்த வேண்டிய பொருளும் கடமையும் அதில் இருக்கும். நிக்காஹ் ஏடும் மஹரும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? இவற்றோடு மணமகள் தாலியும் அணிந்தாள். நம்மவர் கருகமணி கட்டுவது போன்றே இதுவும் மண்ணின் வழக்கம், மதத்தின் கட்டளை அன்று. இறந்தாரை நீராட்டி வெண்துணி போர்த்தி விரைந்து அடக்குவதும் நம் ஜனாஸா முறையை ஒத்ததே. துக்கம் காப்பது மட்டும் அவர்க்கு ஏழு நாள்.

ஆயினும் நம்மை மிகவும் ஈர்த்தவை பெண்களின் பாட்டுகளே. வேதமொழி எபிரேயம், பாட்டுமொழி மலையாளம். ஆடவர் முன்னிலையில் பெண்டிர் பாடுவதை யூதச் சமுதாயங்கள் பலவும் ஏற்பதில்லை. கொச்சியிலோ அவர்கள் வெளிப்படையாகப் பாடினர். கைப்பட எழுதிய குறிப்பேடுகளில் அப்பாட்டுகள் வாழ்ந்தன. 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது குறிப்பேடுகள் உடன் சென்றன. கொச்சியில் பிறந்த ரூபி டேனியல் பல பாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஸ்கறியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் ‘கார்குழலி’ என்னும் பெயரில் 2005-இல் ஒரு தொகுப்பை வெளியிட்டனர். பாடுவோர் குறைந்த பின்னும் பாட்டு எஞ்சியது, யாரோ ஒரு பெண் ஏட்டில் எழுதி வைத்தமையால்.

சடங்குகளின் கதி அவ்வாறு அன்று. யூத மரபில் வயது வந்த ஆடவர் பத்துப்பேர் கூடினாலன்றிச் சில வழிபாடுகள் நிகழா. இறந்தார்க்குரிய ‘கத்திஷ்’ என்னும் துதியும் அவற்றுள் ஒன்று. ஊரார் வெளியேறிய பின் பத்துப்பேர்க்கு எங்கே போவது? 1568-இல் எழுந்த மட்டாஞ்சேரி பரதேசிப் பள்ளியில் உள்ளூராரைக் கொண்டு அவ்வெண்ணிக்கையை நிறைக்க இயலாத நிலை வந்தது. (கேரளத்தில் மசூதியும் பள்ளி, தேவாலயமும் பள்ளி, யூதர் ஆலயமும் பள்ளியே!) அத்தெருவில் தையற்கடை நடத்திய சாரா கோகன் அம்மையார் 2019-இல் தம் 96 ஆம் வயதில் மறைந்தார். முதுமையில் அவரைத் தாயெனப் பேணியவர் ஒரு முஸ்லிம் அன்பர். கொல்கத்தாவிலும் யூத ஆலயங்களைக் காத்து வருவோர் முஸ்லிம்களே. அங்குள்ள யூதப் பெண்கள் பள்ளியில் பயில்வோருள் பெரும்பாலாரும் முஸ்லிம் மாணவியரே. பாலஸ்தீனச் செய்திகளால் மனம் புண்பட்டிருக்கும் நம் மாணவர்க்கு இவ்வேளையில் இது வேண்டுமா எனப் பெரியவர் ஒருவர் நம்மைக் கேட்டார். அப்புண் நமக்கும் உண்டு. ஆனால் மட்டாஞ்சேரித் தெருவின் வரலாற்றை மட்டாஞ்சேரியில் வைத்தே படிக்க வேண்டும் என்றோம். அவர் மறுக்கவுமில்லை, உடன்படவுமில்லை.

நம் இல்லத்தில் நன்னியார் மருதாணி இரவில் பாடும் பாட்டு ஒன்று உண்டு. மணப்பெண்ணின் கையில் இலை அரைத்து வைக்கும்போது பாடுவார். பட்டம் பெற்ற நாம் பதினோராம் நூற்றாண்டுச் செப்பேட்டைப் படிக்கக் கற்றோமேயன்றி, அவர் இருந்தவரை அதனை எழுதிக்கொள்ளவில்லை. இன்று இரண்டு அடிகளே நினைவில் உள்ளன. எஞ்சியதை அறிந்த மாமி ஒருவர் ஆற்காட்டில் இருக்கிறார். வரும் விடுமுறையில் ஏட்டோடு அவரிடம் செல்ல எண்ணியுள்ளோம்.