மிச்சச் சோறு கோழிக்கு, முட்டை பிள்ளைக்கு

கோழி வளர்ப்பு: பாடம் 3

காலையில் பிரட்டுக்குப் போகிற அவசரத்தில் ராத்திரி மிஞ்சிய சோறு, ரொட்டித் துண்டு, மரக்கறித் தோல் எல்லாவற்றையும் வாசலில் வீசிவிட்டுப் போகிறோம். கோழி வந்து கொத்துகிறது, மீதி கானில் போகிறது. "கோழிக்கு என்ன, கெடைச்சதைத் திங்கும்" என்று சொல்கிறோம். பிறகு அதே வாயால், "நம்ம கோழி முட்டையே போட மாட்டேங்குது" என்றும் சொல்கிறோம். இந்த இரண்டு பேச்சுக்கும் சம்பந்தம் உண்டு. அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் தீவனத்துக்குச் சோளம் போதாமல் போய், முட்டை விலை ஏறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்க வேண்டி வந்தது. அந்த நாட்களில் வாசலில் நாலு கோழி நின்ற வீட்டுக்கு அதன் அருமை தெரிந்தது.

எவ்வளவு தீனி வேண்டும்?

முட்டை இடும் பெரிய கோழி ஒன்று ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் வரை தின்னும். 5 கோழிக்கு அரைக் கிலோவுக்கு மேல் வேண்டும். நம் வீட்டு மிச்சம் அவ்வளவு வராது. வந்தாலும் அதில் பெரும்பகுதி சோறும் கோதுமை மா ரொட்டியும்தான். அவை வயிற்றை நிரப்பும், உடம்பில் கொழுப்பு வைக்கும். ஆனால் முட்டைக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். வெறும் சோறு தின்ற கோழி பார்க்கக் கொழுகொழு என்று இருக்கும், முட்டையோ குறையும்.

ஆகவே வீட்டு மிச்சம் கோழிக்குப் பாதிச் சாப்பாடு என்று நினைத்துக்கொள்வோம். மற்றப் பாதிக்குத் தவிடு, குறுணல், கொஞ்சம் தேங்காய்ப் புண்ணாக்கு சேர்ப்போம். பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையையும் அன்றன்றே கலக்கலாம். அரிசி கழுவின தண்ணீர் விட்டு, உதிரியாகப் பிசைந்து வைத்தால் கோழி வீணாக்காமல் தின்னும். கோவா, முள்ளங்கி, கரட் இலைகளை அரிந்து போடலாம். கீழ்ப்பகுதித் தோட்டங்களில் முருங்கை இலை நல்லது. பகலில் திறந்து விட்டால் புழு, கறையான் எல்லாம் கோழியே தேடிக்கொள்ளும். அதுவும் புரதம்தான்.

முட்டை ஓட்டை வீசாதீர்கள். அடுப்பில் வறுத்து, தூளாக நொறுக்கித் தீனியில் கலவுங்கள். ஓடு கெட்டியாக வருவதற்கு இது உதவும். முழு ஓடாகப் போட்டால் கோழி தன் முட்டையையே கொத்தப் பழகிவிடும். சுத்தமான தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும்.

எதைக் கொடுக்கக் கூடாது?

ஒரு லயத்தில் கருவாடு கழுவின தண்ணீரைக் கோழிச் சட்டியில் ஊற்றியிருந்தார்கள். அன்றைக்கு வேறு தண்ணீர் வைக்க மறந்துபோனது. மறுநாள் வேலை விட்டு வந்து பார்த்தபோது மூன்று கோழி செத்துக் கிடந்தன. "யாரோ மருந்து வச்சிட்டாங்க" என்று பக்கத்துக் காம்பராவோடு சண்டை. உப்பும் கோழிக்கு நஞ்சு என்று யாரும் நினைக்கவில்லை. கருவாட்டுத் தலை கொடுப்பதானால் ஊறவைத்து, இரண்டு மூன்று தரம் தண்ணீர் மாற்றிக் கழுவி, கொஞ்சமாகக் கொடுங்கள். சம்பல், ஊறுகாய் வேண்டாம்.

இன்னும் சில:

– பூஞ்சணம் பிடித்த ரொட்டி, பாண், புண்ணாக்கு. மலைநாட்டு ஈரத்தில் இவை சீக்கிரம் பூத்துப்போகும். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். அவித்தாலும் அது போகாது. "நமக்கு ஆகாதது கோழிக்கு ஆகும்" என்ற பேச்சை விட்டுவிடுவோம்.
– அழுகிய இறைச்சி, மீன். இதைத் தின்ற கோழிக்குக் கழுத்துத் தொங்கி, வாதம் வந்து சாகலாம்.
– பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கும் அதன் தோலும்.
– பட்டர் புரூட்டின் தோலும் கொட்டையும்.
– அவிக்காத காய்ந்த போஞ்சி விதை.
– ஊற்றி எடுத்த தேயிலைச் சக்கை. அதைப் பூச்செடிக்கும் மரக்கறிப் பாத்திக்கும் போடலாம்.
– புல்லுக்கு மருந்து அடித்த மலையில் அறுத்த கீரை.

திரிபோஷாவும் கோழிக்கு இல்லை. அது கர்ப்பிணித் தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் கொடுப்பது. பிள்ளை தின்ன மாட்டேன் என்றால் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள், வழி காட்டுவார்.

எப்போது கொடுப்பது?

காலையில் ஒரு தரம், வேலை விட்டு வந்து ஒரு தரம். அரை மணித்தியாலத்தில் தின்று முடிக்கும் அளவே வைப்போம். தரையில் வீசாமல் தட்டையான சட்டியில் வைப்போம். மிஞ்சினால் இருட்டுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். இரவில் கிடக்கும் தீனிக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்திலிருந்து எலிக்காய்ச்சல் மனிதருக்கு வரும். கோழிக்காக வைத்த தீனி லயத்துக்கே வினையாகக் கூடாது.

முட்டை யாருக்கு?

இதுதான் முக்கியமான கேள்வி. பல வீடுகளில் முட்டை கடைக்குப் போகிறது. இல்லாவிட்டால் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குப் பொரிகிறது. காசு தேவைதான், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் நல்ல புரதம் இருக்கிறது. முட்டை விற்ற காசில் பிள்ளைக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தால் யாருக்கு இலாபம்? 6 மாதம் முடிந்த பிள்ளைக்கு நன்றாக அவித்த முட்டையை மசித்துக் கொடுக்கத் தொடங்கலாம். கர்ப்பிணித் தாய்க்கும் அது வேண்டும். கூட்டிலிருந்து எடுக்கும்போதே பிள்ளையின் பங்கைத் தனியாக வைத்துவிட்டு, மிஞ்சியதை விற்போம்.

கூடிப் பேசுவோம்

1. நேற்று நம் வீட்டில் மிஞ்சியது என்ன? அதில் கோழிக்கு ஆகாதது எது?
2. சென்ற கிழமை கிடைத்த முட்டை எத்தனை? யார் சாப்பிட்டார்கள்?
3. நம் லயத்தில் கானில் போகும் சோற்றை எப்படிக் குறைக்கலாம்?

இந்தக் கேள்விகளை மாதர் சங்கக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு ஆண்களும் பதில் சொல்லட்டும்.