பழங்கணினியும் தமிழெழுத்தும்

விண்டோஸ் எக்ஸ்பி இயங்கும் பழங்கணினியில் தமிழ்க் கோப்பொன்று சிதைந்து தோன்றின், அஃது அழிந்ததென மயங்கற்க. முதற்கண் குறியை நோக்குக.

எழுத்துகள் வெறுங்கட்டங்களாய் நின்றால், கோப்பு ஒருங்குறியில் அமைந்ததென்க. எக்ஸ்பியின் மூல இறுவட்டைக் கொண்டு, மொழித் தெரிவுகளிற் சிக்கலான எழுத்துமுறைகளுக்குரிய ஆதரவை நிறுவுக.

ஆங்கில எழுத்துகளாய் நின்றால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்ததென்க. பாமினியில் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிந்திருக்கும். அவ்வெழுத்துருவை நிறுவியதும் தமிழ் மீளும்.

சுன்னாகத்தில் மாணவர் கட்டுரைகள் சிலவற்றை நாம் இவ்வாறே மீட்டோம். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014இல் முடிந்தது. ஆதலின், பழைய மாணவர்களே, நுங்கள் கோப்புகளை இன்றே ஒருங்குறிக்கு மாற்றி வைப்பீர்களாக. கணினி ஓய்ந்தபின் இரங்கிப் பயனில்லை.