தொடர்பு அற்றால் தானே திரும்பும் ட்ரோன்: மலைநாட்டுக் கமக்காரர் கவனத்துக்கு

பயிருக்கு மருந்து தெளிக்கும் ட்ரோனை நீங்கள் வாடகைக்கு அமர்த்தினும் விலைக்கு வாங்கினும், பறக்கவிடுமுன் அறிய வேண்டியது ஒன்றுண்டு. கையிலுள்ள கட்டுப்படுத்திக்கும் விமானத்துக்கும் இடையேயுள்ள வானொலித் தொடர்பு அற்றுப்போனால் விமானம் யாது செய்யும் என்பதே அது. நின்ற இடத்திலேயே மிதத்தல், அங்கேயே இறங்குதல், புறப்பட்ட இடத்துக்குத் திரும்புதல் என்பவற்றுள் ஒன்றை முன்கூட்டியே குறித்து வைக்கலாம். அவ்வாறு குறித்து வையாதவிடத்துப் பழைய கருவிகள் சில, இறுதியாகப் பெற்ற கட்டளையையே பற்றிக்கொண்டு கண்காணாத் தூரத்துக்குப் போய்விடும்.

சமவெளி வயல்களில் தொடர்பு அறுவது பெரும்பாலும் தூரத்தினால் ஆகும். கண்டியில் அவ்வாறன்று. இக்கருவிகளிற் பல பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைகள் மண்மேட்டை ஊடுருவிச் செல்ல மாட்டா. ஹந்தானைச் சரிவிலோ தும்பறைப் பள்ளத்தாக்கிலோ, 200 மீற்றர் தொலைவிலுள்ள பாத்தியும் மேட்டின் மறைவில் இருக்குமாயின் தொடர்பு அறலாம். திரும்பி வரும் விமானம் மோதுவதும் அம்மேட்டிலேதான்.

ஆகவே திரும்பும் உயரத்தைக் கணித்தே குறிக்க வேண்டும். பெரும்பாலான கருவிகளில் இவ்வுயரம் புறப்பட்ட இடத்திலிருந்து அளக்கப்படுவது. கீழேயுள்ள நிலத்திலிருந்து அன்று. நீங்கள் வயலடியில் நிற்கிறீர்கள் என்க. இடையிலுள்ள மேடு உங்கள் காலடியிலிருந்து 18 மீற்றர் உயரம். அதன்மேல் நிற்கும் கிரவீலியா மரங்கள் 14 மீற்றர். இரண்டும் 32 மீற்றர். காப்புக்கு மேலும் 8 மீற்றர் கூட்டி 40 எனக் குறிக்க. கருவியில் முன்னரே 20 அல்லது 30 என்று இருக்குமாயின், அதை நம்பியிருப்பது மரத்தில் மோதவிடுவதற்கு ஒப்பாகும். அனுமதிப் பத்திரத்திற் கண்ட உயர எல்லை இதற்கு இடந்தராவிடின், புறப்படும் இடத்தையே மேட்டுக்கு மாற்றுக. எமது கருத்தில் இதுவே சிறந்த முறை. அங்கிருந்து பாத்தியும் கண்ணுக்குத் தெரியும், தொடர்பும் எளிதில் அறாது. மின்கம்பிகளைத் தனியே பார்த்துக்கொள்க. மெல்லிய கம்பியைத் தடையறி கருவிகள் காணத் தவறுவதுண்டு.

திரும்ப வேண்டிய இடத்தை ட்ரோன் செய்மதிகளின் உதவியால் அறிகிறது. ஒடுங்கிய பள்ளத்தாக்கில் வானத்தின் ஒரு பகுதியை மலை மறைப்பதால் செய்மதிகள் குறைவாகவே அகப்படும். இடம் பதிவாயிற்று என்று கருவி காட்டும்வரை, சில நிமிடங்கள் ஆயினும், பொறுத்திருங்கள். லொறியின்மேலோ இரும்புத் தகட்டின்மேலோ வைத்துப் புறப்படச் செய்யலாகாது. திசையறி கருவி பிழைபடும்.

மருந்துப் பம்பியைப் பலர் மறந்துவிடுகின்றனர். தொடர்பு அற்றவுடன் தெளிப்பும் நிற்க வேண்டும். நில்லாவிடின், திரும்பும் வழியிலுள்ள வீட்டுக்கூரை, கிணறு, மகாவலியிற் சேரும் ஓடை யாவற்றிலும் பீடைகொல்லி விழும். திரும்பும் வழி பெரும்பாலும் நேர்கோடாதலின், அக்கோடு லயன் வீடுகளுக்கு மேலாகச் செல்லாதவாறு புறப்படும் இடத்தைத் தெரிவு செய்க.

மின்கலம் குறைந்தாலும் ட்ரோன் திரும்பும். நிறைந்த தாங்கியுடன் எதிர்க்காற்றில் மேலேறி வருவதற்கு மின் அதிகம் செலவாகும். ஆதலால் சரிவு நிலத்தில், சமவெளியிற் குறிப்பதைக் காட்டிலும் கூடிய இருப்பிலேயே திரும்புமாறு குறிக்க.

இவற்றைச் சோதியாது மருந்து ஊற்ற வேண்டாம். முதலிற் சுழல்விசிறிகளைக் கழற்றிவிட்டு, தரையில் வைத்துக் கட்டுப்படுத்தியை அணைத்துப் பாருங்கள். தொடர்பு அற்றதென்னும் எச்சரிக்கையை விமானம் காட்டுகிறதா என்று நோக்குக. பின்னர் விசிறிகளைப் பூட்டி, தாங்கியில் வெறும் தண்ணீர் இட்டு, ஆளில்லாத் திறந்த வெளியில் 30 மீற்றர் தூரம் அனுப்பி, திரும்பும் பொத்தானை அழுத்துக. சரியாக வந்து இறங்கினால், மறுமுறை தெளிக்கும்போதே கட்டுப்படுத்தியை அணைத்து, தண்ணீர் உடனே நிற்கிறதா என்று பாருங்கள். பாத்தி மாறும்போதெல்லாம் உயரத்தைப் புதிதாகக் கணிக்க.

பறக்கவிடுதற்கு வேண்டிய பதிவும் அனுமதியும் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையிடம் பெறற்பாலன. பயிருக்குரிய மருந்தையும் அளவையும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.