மலைக்காட்டைக் காக்கும் குழு யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்?

வேளாண்மை இதழில் குழு, கணக்கு, தீர்மானம் என்று எழுதுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். கல்வராயன் மலைச் சரிவில் மரம் குறைந்தால் மழைநீர் மேல்மண்ணை வாரிக்கொண்டு இறங்குகிறது. மேலே சாமைக்கொல்லை மெலிகிறது. கீழே கோமுகி, மணிமுக்தா அணைகளில் வண்டல் சேர்கிறது. கள்ளக்குறிச்சிப் பகுதியில் நெல்லும் கரும்பும் பயிரிடுவோர் பலர் அந்த நீரை நம்பியவர்கள். ஆகவே காட்டை நிர்வகிப்போரை யார் கேள்வி கேட்கலாம் என்பது மலைக்கும் சமவெளிக்கும் பொதுவான கேள்வியாகும்.

1976 வரை இம்மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. பின்னர் அரசுத் துறைகள் வந்தன. இரு காலத்திலும் கணக்கு மேல்நோக்கியே சென்றது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அதைக் கிராமத்தின் பக்கம் திருப்பியது.

சட்டமும் விதிகளும்

2012-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, காடு, வனவிலங்கு, பல்லுயிர் வளம் ஆகியவற்றைக் காக்கக் கிராம சபை தன் உறுப்பினர்களிலிருந்தே ஒரு குழுவை அமைக்க வேண்டும். சமுதாய வன வளத்துக்கான பாதுகாப்பு மற்றும் மேலாண்மைத் திட்டத்தைத் தயாரிப்பது அக்குழுவின் வேலை. ஆனால் குழுவைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் அதிகாரம் சபையிடமே உள்ளது. விளைபொருளைக் கொண்டு செல்லும் அனுமதிச் சீட்டு, விற்பனை வருமானத்தைச் செலவிடுவது, திட்டத்தை மாற்றுவது ஆகிய மூன்றிலும் குழு எடுக்கும் முடிவு சபையின் ஒப்புதலைப் பெற வேண்டும். சபையில் மொத்த உறுப்பினரில் பாதிப்பேராவது கூட வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்க வேண்டும்.

கடற்கரையிலும் இதே கேள்வி உண்டு. இங்கிலாந்தில் கரையோர மீன்வளத்தைக் காக்க 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 10 வட்டார அமைப்புகள் ஏற்பட்டன. உள்ளாட்சி உறுப்பினர்களும் கடலை அறிந்தவர்களும் அவற்றில் அமர்கிறார்கள். ஒவ்வோர் அமைப்பும் ஆண்டுத் திட்டத்தையும் ஆண்டு அறிக்கையையும் வெளியிட வேண்டும். அவற்றின் செயல்பாடு குறித்து அமைச்சர் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும். அங்கு மேலிருந்து கேட்கிறார்கள். நம் சட்டம் பக்கத்து வீட்டுக்காரரையே கேட்கச் சொல்கிறது. இதுவே கடினம் என்பது என் கருத்து; அமைச்சரை விடப் பங்காளியைக் கேட்பது சங்கடமான காரியம் அல்லவா?

சில ஆண்டுகளுக்கு முன் சாமைத் திடலைப் பார்வையிட மலைக் கிராமம் ஒன்றுக்குச் சென்றேன். அங்கே குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பதிவேடு கைமாறி வந்தது. எல்லோரும் கையெழுத்திட்டார்கள், எவரும் படிக்கவில்லை. ஒரு மூதாட்டி மட்டும், "போன வருசம் கடுக்காய் வித்த பணம் எங்கப்பா?" என்று கேட்டார். பணம் களவு போகவில்லை. பாதையைச் சீர்செய்யச் செலவாகியிருந்தது. ஆனால் யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த ஐயத்தின் விளைவு அடுத்த பருவத்தில் தெரிந்தது. பொதுவில் காத்திருந்து பயனில்லை என்று காய் முற்றும் முன்பே கிளையோடு ஒடித்தார்கள். ஒடிந்த கிளை மறுபடி காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

புளி, கடுக்காய் சேகரிப்பு தொடங்கும் முன், தை மாதத்தில் ஒரு சபைக் கூட்டம் கூட்டி, எந்தச் சரிவில் எப்போது பறிப்பது என்று முடிவு செய்யுங்கள். சித்திரையில் மறுகூட்டம் நடத்தி, வரவு செலவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். களையெடுப்பு, அறுவடை நாட்களில் கூட்டம் வைத்தால் பெண்கள் வர இயலாது; மாலை நேரமே ஏற்றது. சிறு வன மகசூலுக்குக் கட்டணமோ உரிமைத் தொகையோ வசூலிக்க விதிகளில் இடமில்லை. எவரேனும் கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

சபையின் தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் உட்கோட்ட அளவிலான குழுவிடம் மனுச் செய்யலாம். அதிகாரியோ குழு உறுப்பினரோ சட்டத்தை மீறினால் 1000 ரூபாய் வரை அபராதம் உண்டு. தொகை அற்பமே. ஆயினும் அதற்கு வழி திறப்பது கிராம சபை மாநிலக் கண்காணிப்புக் குழுவுக்கு அனுப்பும் அறிவிப்பு. அந்த அறிவிப்புக்குத் தீர்மானப் புத்தகமே ஆதாரம். அதன் நகல் ஒன்றை ஊரில் பொதுவான ஓரிடத்தில் வைத்திருங்கள்.