'செட்' என்றால் என்ன?

நம்மில் பலர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். 'செட்' என்றால் 'வை' என்று மனப்பாடம் செய்துவிட்டு வந்தால், டிப்ளமோ புத்தகத்தில் எந்த வரியும் அந்த அர்த்தத்தில் அடங்காது. 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு இந்த ஒரே வினைச்சொல்லுக்கு 430-க்கும் மேல் பொருள் தருகிறது!

அத்தனையும் நமக்கு எதற்கு? நம்ம ஒர்க்‌ஷாப்பே போதும். லேத் சக்கில் ஜாபை ஆட்டமில்லாமல் மாட்டுகிறோமே, அது செட் செய்வது. ஹாக்சா பிளேடைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள், பற்கள் இடமும் வலமுமாகச் சாய்ந்திருக்கும். அப்படிச் சாய்ப்பதும் செட்தான். சாய்க்காவிட்டால் வெட்டும் பள்ளம் பிளேடின் கனத்துக்கே இருக்கும், பிளேடு பாதியில் சிக்கிக்கும். சிவில் லேபில் விக்காட் ஊசியை இறக்குவது சிமெண்ட் செட் ஆவதைப் பார்க்க. சாதா சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடியணும்.

எங்கப்பா கொத்தனார். பள்ளிக்கூடம் போகாதவர். "கலவை செட் ஆயிடும், சீக்கிரம் கொண்டாடா" என்று அவர் சத்தம் போடுவதில் ஆங்கிலப் பிழை ஏதுமில்லை.

கவனியுங்கள்: ஜாபை நாம் செட் செய்கிறோம், சிமெண்ட் தானே செட் ஆகிறது. சூரியன் மறைவதும் இந்த இரண்டாவது வகை. எனவே வைவாவில் இந்தச் சொல் காதில் விழுந்தால், எதை என்று முதலில் பிடியுங்கள், அர்த்தம் தானாக வரும். இறந்தகாலத்திலும் இது மாறாது. 'ஹீ செட்ஸ்' நிகழ்காலம், 'ஹீ செட்' இறந்தகாலம். ஒரு 'ஸ்'தான் வித்தியாசம்.